சப்பரம் திரும்பும் இடம்

பிணத்துக்கு எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வேண்டும். பாலகுருவின் குவைத் வாழ்க்கையில் இப்படி ஒரு கேஸ் வந்ததே இல்லை. யாருடைய பிணம் என்று கேட்டு வந்திருக்கிறார்கள், எப்படிச் செத்தான் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். பெயர், அப்பா பெயர், பாஸ்போர்ட், விசா எல்லாம் கச்சிதமாக இருக்கிற ஒரு மனுஷனை, மாரடைப்பில் போனதில் யாருக்கும் சந்தேகமே இல்லாத ஒரு மனுஷனை, எந்த ஊர்க் கல்லறையில் இறக்குவது என்று தெரியாமல் மார்ச்சரியில் வைத்துக்கொண்டு ஆள் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

எனக்கே என் ஊர் பாதி மறந்துவிட்டது, நான் போய் இன்னொருத்தனுக்கு ஊர் தேடணுமா என்று அவர் மறுத்துத்தான் பார்த்தார். வந்த ஆள் விடவில்லை. விடாத ஆட்கள்தான் எப்போதும் பாலகுருவைத் தேடி வருகிறார்கள்.

அவர் துப்பறிகிறவர் என்று எந்த போர்டும் கிடையாது. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட கார்களைப் போய்ப் பார்த்து, இடித்ததில் உடைந்ததா, உடைத்துவிட்டு இடித்ததாகச் சொல்கிறார்களா என்று எழுதிக்கொடுப்பதுதான் வேலை. அதில் நாலு பொய்யை நறுக்கென்று பிடித்தார். மங்காஃப் பக்கம் பேர் பரவிவிட்டது. காணாமல் போன பாஸ்போர்ட், ஓடிப்போன கூட்டாளி, சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாப்பிள்ளை என்று எல்லாம் அவர் தலையில் வந்து விடிந்தது. வயது ஐம்பத்தைந்து. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. சர்க்கரை மாத்திரையை மறக்கிற அளவுக்கு சர்க்கரை.

"ஏப்பா ரெனீஷு, ஏசியைக் கொஞ்சம் கூட்டு" என்றார் பாலகுரு.

ரெனீஷ் பிக்கப்பை ஓட்டிக்கொண்டே சிரித்தான். "கூட்டுததுக்கு மொதல்ல அது இருக்கணும்லா அண்ணாச்சி."

ரெனீஷ் தொழிலில் ஏசி மெக்கானிக். ஊரில் உள்ள ஏசியையெல்லாம் குளிர வைத்துவிட்டு, சொந்த வண்டியில் ஜன்னலை இறக்கிக்கொண்டு போகிறவன். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை. பாலகுருவோடு சுற்றுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. அவரிடம் வண்டி இல்லாததால் அவருக்கு அது கட்டாயம்.

வந்த ஆளின் பெயர் ஜஸ்டஸ். செத்துப்போன கிளிட்டஸின் அண்ணன். சூசைத்துறைக்காரர்கள் குவைத்தில் வைத்திருக்கும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவர் மூச்சுவிடாமல் சொன்னதை ரெனீஷ்தான் பாலகுருவுக்குப் பிரித்துப் பிரித்து விளக்கினான். சூசைத்துறை, புன்னைக்கடவு என்று கடலோரத்தில் ஒட்டினாற்போல் இரண்டு ஊர். இரண்டும் தனித்தனிப் பங்கு. பங்கு என்றால் என்னப்பா என்று கமுதிக்காரரான பாலகுரு கேட்டதற்கு, ஒரு கோயில், ஒரு சாமியார், ஒரு கல்லறைத் தோட்டம், மற்ற பங்கோடு தீராத ஒரு சண்டை, இது நாலும் சேர்ந்ததுதான் பங்கு என்றான் ரெனீஷ்.

இந்த இரண்டு பங்குக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு. எங்கள் எல்லைக்குள் என்று இவர்கள், எங்கள் எல்லைக்குள் என்று அவர்கள். ஒரு தடவை அதற்காக வள்ளங்களையே கொளுத்தியிருக்கிறார்கள். அந்தத் துண்டில் போய்த்தான் கிளிட்டஸ் வீடு கட்டினான். அங்கிருந்து விழுந்த முதல் சாவும் அவன்தான். அவனுக்கு எந்தப் பங்குக் கல்லறையில் குழி வெட்டுகிறார்களோ, அந்தப் பங்குக்கு அந்தத் துண்டு சொந்தம் என்று ஆகிவிடும். அதனால் இரண்டு ஊரும் அவனை எங்களிடம் கொண்டுவா என்கின்றன. யாரிடம் கொண்டுபோனாலும் மற்ற ஊர் சாலையை மறிக்கும்.

பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்தில் வைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ராஜா காலத்தில் ஒரு சர்வேயர் வந்து பங்கு எல்லைகளை அளந்து போட்ட வரைபடம் உண்டு. அது சொல்கிறபடி கேட்போம் என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டாயிற்று. சர்வே ஆபீஸில் இருந்த அசல் மக்கிப் பொடியாகிவிட்டது. அதற்கு முத்திரை போட்ட ஒரே நகல், வீடு கட்டும்போது கிளிட்டஸ் மனுப் போட்டு வாங்கியது. மெழுகுத்துணியில் வரைந்த நகல். அதை அவன் குவைத்துக்கே கொண்டுவந்து, ஃபஹாஹீல் மீன்பிடித் துறையில் தான் தங்கும் அறையில் மெத்தைக்கு அடியில் வைத்திருந்தான். அண்ணன்காரர் வெளிச்சுருளைப் பார்த்திருக்கிறார், விரித்துக் காட்டச் சொன்னால் தம்பி காட்டியதில்லை. அவன் செத்த பிறகு போய்ப் பார்த்தால் சுருளைக் காணோம்.

புன்னைக்கடவு அலோசியஸ்தான் எடுத்துவிட்டான் என்று ஜஸ்டஸ் அடித்துச் சொன்னார். அலோசியஸும் கிளிட்டஸும் ஒரே மீன்பிடி லாஞ்சில் வேலை, ஒரே அறை. நாளைக்கு வியாழன், ஊரில் கூட்டம். வெள்ளிக்கிழமை விமானத்தில் பெட்டி ஏறுகிறது. அதற்குள் அவன் கையிலிருந்து அதை வாங்கித் தாங்க என்பதுதான் கேஸ்.

துறைமுகத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. இறால் சீசன் இன்னும் திறக்காததால் லாஞ்சுகள் சும்மா கட்டிக் கிடந்தன. பலகை அடித்த ஒரு அறையின் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான் அலோசியஸ். ஆள் வாட்டசாட்டம். திருடன் என்று சொன்னால் நம்பலாம் போலத்தான் இருந்தான். ஆனால் வரைபடம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எழுந்து வந்து பாலகுருவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கிடைச்சிற்றா அண்ணாச்சி? கிடைச்சா எங்க சங்கத்துக்கும் ஒரு காப்பி தரணும், சொல்லிட்டேன்."

பாலகுருவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எடுத்தவன் காப்பி கேட்க மாட்டான்.

வரைபடம் வந்தால் தன் ஊர்தான் ஜெயிக்கும் என்று அலோசியஸ் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். அதற்கு அவன் காரணமும் வைத்திருந்தான். அந்தக் கரையில் பங்கு எல்லையைத் திருவிழாதான் காட்டும். தேர் போல அலங்கரித்த சப்பரத்தில் புனிதர் சொரூபத்தை வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள், தங்கள் எல்லை முடிகிற இடத்தில் சப்பரத்தைத் திருப்பிவிடுவார்கள். ஒரு அடி கூடுதலாகப் போனால் அன்றைக்கு ரத்தம்தான். சர்வேயரும் இரண்டு ஊர்க்காரர்களையும் கூப்பிட்டுச் சப்பரம் எங்கே திரும்பும் என்று கேட்டுத்தான் கோடு போட்டார் என்று கேள்வி. சூசைத்துறைச் சப்பரம் கற்குருசை, அந்தக் கல் சிலுவையை, தாண்டி வந்ததே இல்லை, அப்பன் காலத்திலும் இல்லை, தாத்தா காலத்திலும் இல்லை என்றான் அலோசியஸ்.

"அப்போ குருசுக்கு இந்தால உள்ளது எல்லாம் எங்களுக்குத்தானே?"

பாலகுரு அறைக்குள் நுழைந்தார். உள்ளே இரண்டு கட்டில். கால் வைக்க இடமில்லாமல் ஆயில் டப்பாவும் ஸ்பேனரும் அழுக்கு பனியனும் கிடந்தன. அலோசியஸின் கட்டிலைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. கிளிட்டஸின் கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் விரிப்பு பிடுங்கிக் கிடந்தது. ஜஸ்டஸ் வந்து தேடினபோது பிடுங்கிப் போட்டதாம். கால்மாட்டுப் பக்கம் மட்டும் விரிப்பு மடிப்புக் குலையாமல், மூலை சாய்ந்து, ஓரம் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, அவ்வளவு அழகாக இருந்தது.

"செத்தவன் கட்டிலுக்கு இம்புட்டு ஜோடனையா?" என்றான் ரெனீஷ். "இத எம் பெண்சாதி பாத்தான்னா என்னைய அன்னைக்கே தள்ளி வச்சிருவா அண்ணாச்சி."

பாலகுரு குனிந்து அந்த விரிப்புக்குள் கையை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. ஏனோ அவருக்குக் கால் விரல்கள் கடுத்தன. இந்தக் கடுப்பை எங்கேயோ அனுபவித்திருக்கிறோமே என்று தோன்றியது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. வயசாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு நிமிர்ந்தார். முழங்கால் முணுமுணுத்தது.

கிளிட்டஸ் எப்படிப் படுப்பான் என்று கேட்டார். அலோசியஸுக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்தது. எந்தக் குளிரிலும் காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் படுப்பான், போர்வை காலில் பட்டாலே உதைத்துத் தள்ளிவிடுவான் என்றான். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஊருக்கு ஊர் சண்டை என்றாலும், ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் போனது அவனுக்கு வலித்தது.

கிளிட்டஸ் போன பிறகு இங்கே யார் யார் வந்தார்கள்? லாஞ்ச் முதலாளி வந்து இன்ஜின் சாவி வாங்கிக்கொண்டு போனார். மங்காஃபில் நர்ஸாக இருக்கும் கிளிட்டஸின் மனைவி வந்து துணிமணி எடுத்துப் போனாள். ஜஸ்டஸ் வந்து அறையைப் புரட்டினார். வேறு புது ஆள் யாருமில்லை. செத்தவன் கட்டிலைத் தொடத் தனக்கு மனசு வரவில்லை என்றான் அலோசியஸ்.

பிக்கப்பில் ஏறி உட்கார்ந்ததும் பாலகுரு ஜஸ்டஸுக்கு போன் போட்டார். ஒரே ஒரு கேள்வி. வரைபடம் உங்கள் பக்கம்தான் பேசும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஜஸ்டஸ் யோசிக்கவே இல்லை. புன்னைக்கடவுச் சப்பரம் புன்னைமரத்து மூட்டோடு திரும்பிவிடும், அதற்கு இந்தப் பக்கம் அது வந்ததாகச் சரித்திரமே இல்லை, அப்படியானால் இந்தப் பக்கம் முழுக்க எங்களுடையதுதானே என்றார். அலோசியஸ் ஒப்புக்கொண்டானா என்று கேட்டார். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார் பாலகுரு.

டேஷ்போர்டில் தூசி படிந்திருந்தது. அதில் விரலால் ஒரு கோடு இழுத்தார். இந்த முனையில் ஒரு சிலுவை, அந்த முனையில் ஒரு மரம்.

"கவனிச்சியா ரெனீஷு? தன் சப்பரம் எங்க திரும்புதுன்னு ரெண்டு பேருமே சொல்லல. அடுத்தவன் சப்பரம் எங்க திரும்புதுன்னுதான் சொல்றாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நெசம்."

ரெனீஷ் எட்டிப் பார்த்தான். "அப்போ குருசுக்கும் மரத்துக்கும் எடையில?"

"ரெண்டு சப்பரமும் வராத எடம். அதுல கிளிட்டஸ் வீடு."

இரண்டு ஊரும் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டே இருந்ததில், தங்களை அளக்க மறந்துவிட்டார்கள். பாலகுருவுக்குச் சிரிப்பு வரவில்லை. அலுப்பாக இருந்தது. இந்த மணல் துண்டுக்காக வள்ளத்தைக் கொளுத்தியிருக்கிறார்கள், அடுத்து மனுஷனைக் கொளுத்துவார்கள்.

அதைவிட அவரைக் குடைந்தது இன்னொன்று. ஜஸ்டஸ் வரைபடம் வேண்டும் என்கிறார். அலோசியஸும் வேண்டும் என்கிறான். இரண்டு பேருக்கும் வேண்டிய ஒன்றை இரண்டு பேருமே ஒளிக்க மாட்டார்கள். அப்படியானால் எடுத்த ஆளுக்கு ஜெயிப்பதும் தோற்பதும் ஒரு பொருட்டில்லை. இந்த விவகாரம் முடியக் கூடாது, அவ்வளவுதான் அந்த ஆளுக்கு வேண்டும். இதைச் சொன்னதும், பிணம் மார்ச்சரியிலேயே கிடக்கணும்னு ஆசைப்படுகிறவன் யார் அண்ணாச்சி, மார்ச்சரிக்காரனா என்று கேட்டான் ரெனீஷ்.

பாலகுரு சட்டென்று காலைப் பார்த்துக்கொண்டார். போன வருஷம் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தது ஞாபகம் வந்துவிட்டது. தினம் காலையில் ஒரு நர்ஸ் வந்து, விரிப்பின் மூலையைச் சாய்த்து மடித்து மெத்தைக்கு அடியில் அப்படி இறுக்கிச் செருகுவாள். காலை உள்ளே நுழைக்க முடியாமல், வெளியே எடுக்கவும் முடியாமல், கடுக்கடுவென்று கடுக்கும். எத்தனை கெஞ்சினாலும் மறுநாள் அதே மடிப்பு. கோபித்துக்கொண்டால், கை தானாகச் செய்துவிடுகிறது சார் என்று சிரிப்பாள்.

"மங்காஃபுக்கு விடுப்பா" என்றார். "கிளிட்டஸ் பொண்டாட்டி வீட்டுக்கு."

வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. மேலே போய்ச் சேரும்போது பாலகுருவுக்கு இரைத்தது. கதவைத் திறந்தவள் சுகிர்தராணி, கிளிட்டஸின் மனைவி. பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். மாலை டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மகள் ஜினி பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. "இரிங்க அண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அழுது அழுது முகம் வற்றிப்போயிருந்தது. ஆனால் தலை சீவி, சீருடை தேய்த்து, எல்லாம் ஒழுங்காக இருந்தது.

படுக்கை அறைக் கதவு திறந்திருந்தது. பாலகுரு உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டிலின் கால்மாடு தெரிந்தது. அதே சாய்ந்த மூலை, அதே இறுக்கம்.

இந்த வேலையில் அவருக்குப் பிடிக்காத நிமிஷம் இதுதான். கண்டுபிடித்தாயிற்று என்று தெரிந்த பிறகு வாயைத் திறக்கிற நிமிஷம். ரெனீஷ் ஏதோ சொல்ல வந்தான், அவர் கையைக் காட்டி அடக்கினார். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, துறைமுகத்து ரூம்ல உங்க வீட்டுக்காரர் கட்டிலைப் பாத்தேன். காலை நீட்டிப் படுக்கிற மனுஷன் கட்டில்ல, காலே நுழைக்க முடியாத மாதிரி விரிப்பு மடிச்சிருக்கு."

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கைகள்தான் காட்டிக்கொடுத்தன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு எழுந்து போய், மெத்தையைத் தூக்கி, பழைய போர்வைத் துணியில் சுற்றியிருந்த சுருளைக் கொண்டுவந்து பாலகுருவின் மடியில் வைத்தாள். ஒளிக்கவும் அவளுக்கு வேறு இடம் தெரியவில்லை. புருஷன் வைத்த இடத்தைப் போலவே தானும் வைத்திருக்கிறாள்.

அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க பாலகுருவுக்கு ஜஸ்டஸ் மேல் எரிச்சல் ஏறியது. அவள் பழைய ஆஸ்பத்திரியை விட்டு இப்போது இருக்கிற இடத்துக்கு மாறி, இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதியை மாற்றுவதற்குக் கொடுத்திருக்கிறாள். அது கைக்கு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. வேலை போகும், அவள் விசாவில் இருக்கிற ஜினியின் படிப்பும் பாதியில் நிற்கும். அதனால் கொஞ்சம் பொறுங்கள், இக்காமா வந்ததும் அவரோடு நானும் வருகிறேன் என்று ஜஸ்டஸின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருக்கிறாள். தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மார்ச்சரியில் வைத்துக்கொள்வதற்கு அவளே பேசி அனுமதியும் வாங்கிவிட்டாள். ஜஸ்டஸ் கேட்கவில்லை. சங்கத்துக்கு அவசரம். ஊரில் கூட்டம் முடிந்த கையோடு பெட்டி போய் இறங்கினால்தான் கெத்து.

"நீ இங்கயே இரி, அடக்கத்த வீடியோவுல காட்டுதோம்னு சொல்லிட்டாவ அண்ணே." அவள் சீருடையின் மடிப்பை நீவினாள். "இருவது வருசமா அவிய கடல்லயும் நான் வார்டுலயும் கிடந்தாச்சு. ஒண்ணா ஊருக்குப் போனதே ரெண்டு தடவதான். இந்தத் தடவயாவது ஒண்ணாப் போறோம்னு கேட்டேன். அது தப்பா?"

வரைபடம் வராத வரைக்கும் பெட்டி ஏறாது. அதற்காகத்தான் துணிமணி எடுக்கிற சாக்கில் போய்ச் சுருளை எடுத்துவந்தாள். எடுத்தவள் கட்டிலைக் கலைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். அவள் கைக்கு அது தெரியாது.

ரெனீஷ் தரையில் உட்கார்ந்து சுருளை விரித்தான். மெழுகுத்துணி மஞ்சள் பாரித்திருந்தது. கடல் ஒரு பக்கம், இரண்டு கோயில், வள்ளம் ஏற்றுகிற துறை, கிணறு எல்லாம் பொடிப்பொடியாகக் குறித்திருந்தது. பாலகுரு எதிர்பார்த்தது போலவே கோடு ஒன்றல்ல, இரண்டு. கற்குருசிலிருந்து கடல்வரை ஒன்று, புன்னைமரத்திலிருந்து கடல்வரை ஒன்று. நடுவில் வெற்றுத் துண்டு. அதில் கடல் பார்த்த ஓரமாக ஒரு சின்னச் சிலுவை போட்டு, பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருந்தது. ராஜா காலத்து மலையாளம். பாலகுருவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ரெனீஷுக்குத் தெரியும், இத்தனை வருஷம் மலையாளிகளோடு ரூம் போட்டவன்.

அவன் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்து முடித்த பிறகு வழக்கம்போல எதையாவது சொல்லிச் சிரிப்பான் என்று பாலகுரு பார்த்தார். அவன் சிரிக்கவில்லை.

"கடல்ல செத்து, எந்தப் பங்குன்னு தெரியாம கரை ஒதுங்குத சவத்த அடக்குத எடம். ரெண்டு பங்கும் சேந்து அடக்கும். ரெண்டு பங்குக்கும் பொது." அவன் நிமிர்ந்தான். "இதாக்கும் எழுதியிருக்கு அண்ணாச்சி."

 எந்தச் சப்பரமும் நுழையாத அந்த இடத்தை சர்வேயர் யாருக்கும் இல்லாத இடமாக விட்டுவிடவில்லை. ஊர் தெரியாதவர்களுக்காக இரண்டு ஊரும் விட்டுக்கொடுத்த இடம் அது. பேரப்பிள்ளைகள் அதை மறந்துவிட்டு அதற்கே அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுகிர்தராணிக்கு இது புதிது இல்லை. வீடு கட்டி முடித்த பிறகுதான் கிளிட்டஸ் ஒரு மலையாளி ஃபோர்மேனிடம் காட்டிப் படித்திருக்கிறான். வெளியே சொன்னால் தானே எழுதிக்கொண்டதாகச் சொல்லி இரண்டு ஊரும் தன்னை வெட்டும் என்று பயந்து மூடிவைத்துவிட்டான். அவளிடம் மட்டும் சொல்லிச் சிரித்தானாம், நான் செத்தால் ரொம்ப தூரம் தூக்க வேண்டாம் என்று. ஊர் வீட்டின் அடுக்களை ஜன்னலைத் திறந்தால் அந்த இடம் தெரியும் என்றாள்.

"அங்கதான் அவியள வைக்கணும் அண்ணே. நான் இது எல்லாருக்கும் காட்டத்தான் போறேன். ஆனா காட்டுத அன்னைக்கு நான் அங்க நிக்கணும்."

இக்காமா எப்போது என்று கேட்டார் பாலகுரு. அடுத்த வாரம் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

அப்போதுதான் ஜஸ்டஸின் போன் வந்தது. பாலகுரு எழுந்து ஜன்னலோரம் போனார். ரெனீஷும் அவளும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் பொய்யைப் பிடித்துத்தான் அவருக்குப் பழக்கம், சொல்லிப் பழக்கமில்லை. நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

"இல்லீங்க ஜஸ்டஸ். அலோசியஸ் எடுக்கல. எங்க போச்சுன்னு எனக்குப் பிடிபடல. அடுத்த வாரம் வரைக்கும் டைம் குடுங்க, வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டை கேன்சல் பண்ணிருங்க."

ஜஸ்டஸ் கத்தியது இரண்டு பேருக்குமே கேட்டது. பேர்தான் பெரிசு, காரியத்துக்கு ஆகாத ஆள், வயசான பிறகு எதற்கு இந்த வேஷம், மங்காஃபில் இருந்து ஃபஹாஹீல் வரைக்கும் உங்க லட்சணத்தைச் சொல்லுகிறேன் என்று பொரிந்தார். பாலகுரு எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார். போனை வைத்தபோது அவர் காது சுட்டது. அவமானமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

"மொத கேஸ் தோத்தாச்சு அண்ணாச்சி" என்றான் ரெனீஷ்.

"ஆமாப்பா" என்றார். சுருளைச் சுற்றி சுகிர்தராணியிடமே நீட்டினார்.

அவள் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, போகிற வழியில் என்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவீர்களா, டூட்டிக்கு முன்னால் தினமும் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவேன் என்று கேட்டாள். பிக்கப்பில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரெனீஷ் வழியெல்லாம் ஏசி இல்லாததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான்.

மார்ச்சரிப் பொறுப்பாளர் ஒரு வயதான எகிப்துக்காரர். அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். பின்னால் வந்த இரண்டு பேரையும் பார்த்து, சகோதரர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள் சுகிர்தராணி.

பாலகுரு அந்தக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எகிப்துக்காரர் குளிர்ப்பெட்டியின் தட்டை வெளியே இழுத்தபோது, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கிளிட்டஸ் கிடந்தான். நன்றாகப் பழகிய யாரோ ஒருவரின் கை, துணியின் ஓரங்களை இறுக்கிச் செருகிவிட்டிருந்தது. அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிலுவை போட்டாள். பிறகு கால்மாட்டுக்குப் போய், செருகியிருந்த துணியை இரண்டு மூலையிலும் உருவி, அவன் பாதங்கள் வெளியே தெரியும்படி தளர்த்திவிட்டாள்.

"அவியளுக்குக் காலை மூடுனா உறக்கம் வராது" என்று எகிப்துக்காரரிடம் தமிழிலேயே சொன்னாள். அவர் புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு, தட்டை மெதுவாக உள்ளே தள்ளினார்.